வலப்பக்கப் பை

திங்கட்கிழமை தம்பியின் மேல்முறையீடு. அதிலும் தோற்றால் தூக்குதான். தையற்கடை வேலையை அப்படியே போட்டுவிட்டு அக்காக்காரி ஓடி வந்திருந்தாள். பிரார்த்தனைக் கூடங்களை மூடச் சட்டம் போட்ட அமைச்சரைக் கடவுள் பெயரைச் சொல்லிச் சுட்டவன் அவள் தம்பி.

"அவனா செஞ்சதில்லைய்யா. யாரோ ஏத்திவிட்டிருக்காங்க. அது யாருன்னு காட்டினா உயிராவது மிஞ்சும்னு வக்கீல் சொல்றாரு."

எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற புலனாய்வாளர். ஊரார் அவரை 'நிதானம்' என்பார்கள். கூடவே அலையும் அவர் மைத்துனனுக்கு 'அவசரம்' என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

வக்கீல் கொடுத்தனுப்பிய படங்களை அவள் மேசையில் பரப்பினாள். கொலையன்று தம்பி போட்டிருந்த கோட்டின் உள்ளே, வலப்பக்கம், துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த பை.

"இதைத் தச்சது யாராம்?"

"தானே தச்சேங்கிறான்."

"அவன் போய்வந்த பிரார்த்தனைக் கூடத்துக் குருதான் அத்தான் தைக்கச் சொல்லியிருப்பாரு. போய் அள்ளிட்டு வந்துடலாமா?" என்று எழுந்தான் அவசரம்.

"உக்காரு மாப்ளே. நாற்காலி இன்னும் சூடேறலை."

நிதானம் இன்னொரு படத்தை எடுத்தார். கூடத்தில் தம்பி விட்டுப்போன சட்டை. பொத்தான் அறுந்த இடமெல்லாம் ஊக்கு. "பொத்தான்கூட வெச்சுக்கத் தெரியாதவன் இந்தப் பையைத் தைக்கலை. சரி, உங்க தம்பிக்கு எந்தக் கை பழக்கம்மா?"

"கூடத்துல எல்லாம் வலது கைதான். இடது கையை நீட்டினா குரு பிரம்பெடுப்பாரு. வீட்டுக்கு வந்தாத்தான்..." சிரிப்போடு தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்தா இடது கை. இல்லையா?" அவர் குரல் தணிந்தது. "இடது கையால உருவுறவனுக்குத்தான் வலப்பக்கம் பை. குரு பார்த்ததெல்லாம் அவனோட வலது கை. அவர் சொல்லித் தச்சிருந்தா பை இடப்பக்கம் இருந்திருக்கும். வீட்டுல வேற யாரும்மா இருக்காங்க?"

"நானும் அவனும்தான்."

அவள் படத்திலிருந்த தையலை விரலால் தடவினாள்.

"அவன் தயங்கினான்யா. துப்பாக்கியைப் பரண்ல போட்டுட்டுச் சோறு தண்ணியில்லாமக் கிடந்தான். 'கடவுளே உன்னைக் கேக்கறாரு, உனக்கென்னடா பயம்'னு நான்தான் சொன்னேன். உக்கார வெச்சு அளவெடுத்தேன். தச்சு முடிச்சு நூலைப் பல்லால கடிச்சேன். போட்டுப் பார்த்துட்டு, 'சரியா இருக்குக்கா'ன்னான்."

அவசரம் முதல்முறையாக மெதுவாகக் கேட்டான். "அப்புறம் ஏங்க்கா எங்களைத் தேடி வந்தீங்க?"

"வேற யாராவது கிடைச்சிடுவாங்கன்னு பார்த்தேன்."

நிதானம் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவளே வக்கீலைக் கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவள் கூண்டேறிச் சொன்னபோது, அதுவரை கல்லாக நின்றவன், "அக்கா பொய் சொல்லுது, நம்பாதீங்க" என்று அழுதான். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அதன்பின் அவளுக்கு அவன் ஒரு வரிகூட எழுதவில்லை.

பெண்கள் சிறையிலும் அவளுக்குத் தையல் வேலைதான். கைதிகளின் சட்டைக்கு இடப்பக்கம் ஒரு பை. ஒவ்வொரு சட்டையிலும் அவள் கை முதலில் வலப்பக்கம் போகும். பிறகு திரும்பி வரும்.