நனையாத பட்டு

குகைக்குள் குப்புறக் கிடந்தார் எர்கோலே பிரபு. முதுகில் கத்தி!

விச்சென்சா நகருக்கு வெளியே அவர் ஆசை ஆசையாய்க் கட்டிய கோடை மாளிகை. தோட்டத்துக் கோடியில், கிளிஞ்சல் பதித்த குகை. அதற்குப் போகும் கல்பாதையில்தான் பிரபுவின் குறும்பு... தப்பான கல்லை மிதித்தால் தரையிலிருந்து தண்ணீர் பீறிடும்! விருந்தாளிகள் தொப்பலாக நனைய, பிரபு வயிறு வலிக்கச் சிரிப்பார்.

நனையாமல் போகும் வழி இரண்டே பேருக்குத்தான் தெரியும். பிரபு. மாளிகையைக் கட்டிய ஸனோபி.

"நேத்து விருந்துல ஒருத்தர் துணியும் நனையல. அப்போ கொன்னது உன் புருஷன்தாம்மா!" என்றார் நீதிபதி தெபால்தோ. "மத்தியானம் தூக்கு."

ஸனோபியின் மனைவி ஒர்தென்சியா அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"ஐயா! பிரபு வேற யாருக்காவது வழி காட்டியிருந்தா?"

"யாருக்கு?" சீறினார் பிரபுவின் தம்பி கலாஸ்ஸோ. கறுப்புப் பட்டில் துக்கம். இனி சொத்துக்கு அவர்தான் வாரிசு. "கூடப்பொறந்த எனக்கே காட்டல! நேத்துதான் மாந்துவாலேர்ந்து வந்தேன். அந்தக் குகைப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கல!"

ஒர்தென்சியா எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

திடீரென்று தோட்டத்துக்கு ஓடினாள்!

கல்லுக்குக் கல் தண்ணீர் அடித்தது. பிரபுவுக்குச் செய்த சத்தியத்துக்காக, கட்டிய மனைவியிடம்கூட ஸனோபி வழியைச் சொல்லவில்லை. பாழாய்ப்போன நேர்மை!

குகைக்குள்ளிருந்து அலறல்...

"ஐயோ! ஓடி வாங்க! பிரபு ரத்தத்தால எழுதியிருக்காரு... கொன்னவன் பேரு!"

எல்லோரும் ஓடினார்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு கலாஸ்ஸோ!

வலது கல்... தாவல்... இடது கல்... மறுபடி தாவல்...

குகைக்குள் பாய்ந்தார். சுவரைத் தடவினார். கிளிஞ்சல்தான் இருந்தது. எழுத்து இல்லை!

"பொய்க்காரி! எங்கடி பேரு? எங்க?"

கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒர்தென்சியா அவர் பட்டு உடையையே பார்த்தாள். ஸனோபி பிழைப்பானா?

வாசலில் காவலர்கள்... முழுக்க நனைந்து. நடுவில் தாடி ஒழுக ஒழுக நீதிபதி.

அவரும் அந்தப் பட்டு உடையைப் பார்த்தார்.

ஒரு சொட்டுக்கூட இல்லை!

கலாஸ்ஸோ தன்னைத்தானே குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. முழங்கால் தந்தியடித்தது.

நீதிபதி தொப்பியைக் கழற்றி நிதானமாகப் பிழிந்தார்.

"நனைஞ்சது நாங்க, பிரபு... நடுங்குறது நீங்களா?"