வெட்டிய செய்தி

சோதனைக் குளிரறைக்குள் நின்றிருந்த கத்தரிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கதவருகே இருந்த திரையில் இடம் தாராளமாக இருந்தும் செய்தி இரண்டாக உடைந்து நின்றது.

உள்ளே யாரும் இல்லை என்று
உறுதியானதால் கதவு பூட்டப்பட்டது.

அதை அவன்தானே ஒட்டவைத்தான்? எவன் மறுபடி உடைத்தது?

குளிரறைக் கதவுகளை இயக்கும் கணினி நிரலை எழுதுபவன் அவன். அதில் எந்த வரியும் எண்பது எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது அவன் சட்டம். தாண்டினால் இரண்டு வரியாக வெட்டுவான், கத்தரி என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"திரையில வர்ற செய்தியை மட்டும் வெட்டாதீங்க சார்," என்று உதவி எண்ணில் பேசும் பெண் கெஞ்சியிருந்தாள். "ஃபோன்ல வாசிப்பாங்க, அதை அப்படியே போட்டுத்தான் நான் நிரல்ல தேடணும். ரெண்டு வரியா வெட்டினா, முழுசாத் தேடும்போது கிடைக்காது."

"உனக்காகச் சட்டத்தை மாத்தணுமாம்மா?"

பிறகு ஒரு கிடங்கில் இதே போலக் கதவு பூட்டிக்கொண்டது. வெளியே நின்றவர் பதறிப்போய்ச் செய்தியை வாசித்தார். அவள் தேடினாள், கிடைக்கவில்லை. "இது எங்க செய்தி இல்லைங்க" என்றாள். உள்ளே இருந்தவர் விறைத்துச் செத்தார்.

விசாரணைக்கு முன்பே கத்தரி சத்தமில்லாமல் இரண்டு துண்டையும் ஒட்டி, நிரலின் பழைய பிரதிகளை அழித்தான். எல்லோர் முன்பும் தேடியபோது செய்தி உடனே கிடைத்தது. பழி முழுக்க அவள் தலையில் விழுந்தது. அந்தப் பழியோடே அவள் செத்தும் போனாள்.

கதவை இழுத்தான். அசையவில்லை. மேலே விசிறி உறுமத் தொடங்க, ஈர இரும்பின் வாடையோடு குளிர் சட்டைக்குள் புகுந்து முதுகெலும்பு வழியே மெதுவாக இறங்கியது. சுவர்த் தொலைபேசியை எடுத்தான்.

"வணக்கம் சார். திரையில இருக்கறதை அப்படியே வாசிங்க."

அவள் குரல். வாசித்தான். பற்கள் தந்தியடித்தன.

விசைப்பலகைச் சத்தம். நிதானமாக.

"இது எங்க செய்தி இல்லையே சார்."

"ஐயோ, இருக்கும்மா! நான்தான் வெட்டினேன்! நான்தான் ஒட்டினேன்! உன் காலைப் பிடிக்கிறேன், இன்னொரு தடவை தேடு!"

"தேடுறேன் சார். எனக்கென்ன அவசரம்?"

கதவுக் கண்ணாடிக்கு வெளியே உடன் வேலை செய்பவர் வந்து நின்றார். கத்தரி கண்ணாடியை அறைந்தான், அலறினான். அவர் வெளித்திரையில் இருந்த செய்தியைப் படித்தார். தலையசைத்தார். விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு அப்பால் இருட்டில் ஒரே ஒரு கணினி ஒளிர்ந்தது. அவனுடையது. அவன் நாற்காலியில் முதுகைக் காட்டியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

தட்டிக்கொண்டே இருந்தாள்.