எட்டு கிளாஸ் தேத்தண்ணி

திங்கள், காலை 9.10.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கிளினிக். காப்புறுதிக் கடிதங்களோடு மல்லுக்கட்டுவதுதான் அங்கே கோகிலனின் வேலை. கணினியைத் திறந்ததுமே முதல் கடிதம் கண்ணில் பட்டது. நோயாளி நவமணியின் நரம்புவலி மாத்திரைக்கு இருந்த அனுமதியை இன்சூரன்ஸ் கம்பெனி ரத்து செய்திருந்தது.

'சனிக்கிழமை காலை 11.20க்குத் தொலைபேசியில் விசாரித்தோம். வலியே இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று நோயாளி சொன்னார்.'

சுத்தப் பொய். வெள்ளிக்கிழமைதான் நவமணி இதே கிளினிக் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரிடம் மிச்சம் இரண்டு மாத்திரை. அதுவும் தீர்ந்தால் கட்டிலைவிட்டு எழ முடியாது.

கோகிலன் கம்பெனியைக் கூப்பிட்டான். சனிக்கிழமை பேசியது ஒரு பெண்; ஐசி என்ற அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொன்னார்; சத்தமாகச் சிரித்துப் பேசினார் என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. மாலை 4 மணிக்கு மறுபடி அழைப்பார்கள். அதையும் விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

பகல் 1.15. புந்தோங்கில் நவமணியின் வீடு.

சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் சீவிய நவமணி, பாயில் ஒருக்களித்துக் கிடந்தார்.

"சனிக்கிழம போன் வந்துச்சாக்கா?"

"இல்லப்பா." சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கோகிலனுக்கு மகள் தினேஸ்வரி மேல்தான் சந்தேகம். ஐசி எண் அவளுக்குத் தெரியும். அம்மா இத்தனை மாத்திரை விழுங்குவது பிடிக்காமல் கிளினிக்கிலேயே சண்டை போட்டவள். அவள் பக்கம் திரும்பினான்.

"பதினொன்னு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"குசினில, அடுப்புகிட்ட. தேத்தண்ணி கலக்கிட்டு இருந்தேன்."

"அம்மா போன்?"

"ஹால்ல, அம்மாகிட்ட."

"எத்தன கிளாஸ் கலக்குனீங்க?"

"என்ன கேள்விலா இது? எட்டு."

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"மிச்ச ஆறு யாருக்கு?"

தினேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "தெலுக் இந்தான்ல இருந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா இன்னிக்கு நாலு மணிக்குப் பதில் சொல்ல வாராங்க. பிடிக்கலன்னுதான் சொல்லுவாங்க. அன்னிக்கு எல்லாரும் உக்காந்தாங்க, அவங்க மட்டும் கடைசிவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க."

கோகிலன் பாய்ப்பக்கம் திரும்பினான்.

"அக்கா, பேசினது நீங்கதான். ஆறு பேரு வாயைப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப போன் வந்துருச்சு. பொண்ணோட அம்மா சீக்காளின்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்லுவீங்க? அதான் சிரிச்சுச் சமாளிச்சிட்டீங்க."

நவமணி உடைந்து அழுதார். "பரம்பர வியாதின்னு சொல்லிருவாங்கப்பா. என்னால இவ கல்யாணம் நின்னுட்டா?"

கோகிலன் மறுபடி கம்பெனியைக் கூப்பிட்டான். நேரத்தை மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த இரண்டரை மணி நேரமும் அவன் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

3.58க்கு கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சரளா உள்ளே வந்தார். நாற்காலியைக் காட்டினாள் தினேஸ்வரி.

"பரவால்லம்மா." நின்றுகொண்டார்.

4.00. போன் அடித்தது. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டது கம்பெனிக் குரல். நவமணி சரளாவைப் பார்த்தார். தினேஸ்வரி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, "சொல்லும்மா, கல்யாணம் போனா போகட்டும்" என்றாள்.

"எட்டு. குனிஞ்சா ஒம்பது. மாத்திர இல்லன்னா நிக்கவே முடியாது. சனிக்கிழம சொன்னது பொய்."

அனுமதி திரும்பக் கிடைத்தது. யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எல்லாரும் சரளாவையே பார்த்தார்கள்.

அப்போதுதான் கோகிலன் அதைக் கவனித்தான். சரளாவின் கை கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது. காலையிலிருந்து துருவித் துருவிக் கேட்டவன், இதைக் கோட்டை விட்டுவிட்டான்.

"நீங்க உக்காராதது வீடு பிடிக்காம இல்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாது. அதானேக்கா?"

சரளாவின் கண் கலங்கியது. "ரெண்டு முட்டியும். மூனு வருஷமா. மொதமொத வந்த வீட்டுல, தூக்கிவிடுங்கன்னு எப்படிக் கேக்குறது?"

தினேஸ்வரியின் கையைப் பற்றி, பல்லைக் கடித்து, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு ஏழு" என்றார். "எந்திரிக்கிறப்ப நீதான் தூக்கிவிடணும், மருமகளே."