கரிச்சான் கொண்டுபோன குரல்

மரத்திலிருந்து யாரோ "மேடம்" என்றதும் கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். மாணவிகள் ஒன்பது பேரும் அவளுக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருந்தார்கள். கிளையில் ஒரு துடுப்புவால் கரிச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தது.

கீர்த்தி புத்தூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியை. பறவைகளை நேரில் பார்த்துப் படிக்க, வழிகாட்டி சுரேஷ்பாபுவின் துணையோடு மாணவிகளை நகரி மலைக் காட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

"பயப்படாதீங்க. மத்த பறவைங்க கத்துறத அப்படியே திருப்பிக் கத்தும் இது. மனுஷக் குரலும் பழகிக்கும்."

"என் கொரலு மாதிரியே கீது மேடம்," என்றாள் செல்வி. சொல்லும்போதே தொண்டை கம்மியது.

"மாதிரியே கீது மேடம்," என்றது கரிச்சான், கொஞ்சமும் கம்மாமல்.

எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தி போனை நீட்டினாள். "செல்வி, இன்னும் ஏதாவது பேசு. ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

செல்வி பேசினாள். பேர் சொன்னாள், ஊர் சொன்னாள், பாட்டுகூடப் பாடினாள்.

வெயில் இறங்கி, ஈரப்பாறையின் வாடையும் மக்கிய சருகின் வாடையும் கலந்து எழ, திரும்பும் வழியெல்லாம் மரத்துக்கு மரம் தாவி அந்தக் கரிச்சான் கூடவே வந்துகொண்டிருந்தது. கீர்த்தி ஏதோ கேட்டபோது செல்வியின் உதடு அசைந்தது. வெறும் காற்றுதான் வந்தது. சளியாக இருக்கும் என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஓடையைத் தாண்டியதும் எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பேர்.

"மேடம்! வுழுந்துட்டேன்! காலு மாட்டிக்கினுச்சு!"

செல்வியின் குரல், மேட்டுப் பக்கத்திலிருந்து. மற்றவர்களை ஓடைக்கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சுரேஷ்பாபுவை இழுத்துக்கொண்டு கீர்த்தி முள்ளில் விழுந்து எழுந்து ஓடினாள். குரல் இன்னும் மேலே போனது. பிறகு இடப்பக்கம். பிறகு அதற்கும் அப்பால். ஒரு மணி நேரம்.

சுரேஷ்பாபு நின்றுவிட்டான். "மேடம், காலு மாட்டிக்கின பொண்ணு இம்மாந்தூரம் எப்டி வரும்? அந்தப் பட்சி நம்மள இழுத்துக்கினு போவுது. ஓடைக்கே போவலாம், பதண்டி, வாங்க."

ஓடிவந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் டார்ச்சைப் பாறை இடுக்கில் அடித்தான்.

செல்வி அங்கேதான் இருந்தாள். அவர்கள் நின்று தலை எண்ணிய இடத்துக்குப் பத்தடி கீழே. இடுப்புவரை பாறை. முகமெல்லாம் ரத்தம். கழுத்து நரம்பு புடைத்து, வாய் பிளந்து, கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

"செல்வி!" கீர்த்தி கையை நீட்டினாள். எட்டவில்லை.

தலைக்கு மேலே சிறகடிப்பு. ஓடையைக் கடந்து ஒரு கரிய உருவம் போனது. எதிர் மலை. அதற்கும் பின்னால் இருந்த மலை.

அங்கிருந்து குரல் வந்தது. மெல்லிசாக, அழுதுகொண்டு.

"மேடம், வுட்டுட்டுப் போயிடாதீங்க மேடம்."

கீழே செல்வியின் உதடுகள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன.