ஜெபத்தின் பின்பாதி

யுத்தம் முடிந்த மறு வருஷம், கிறிஸ்துமஸ் லீவில், லியோனார்டும் வால்டரும் சாந்தோமிலிருந்து கடலோரமாகவே தெற்கே நடக்கக் கிளம்பினார்கள். இரண்டு பேரும் சிநேகிதர்கள், வாத்தியார்கள். பட்டாளத்தார் கழித்துப் போட்ட கூடாரம் ஒன்று கிடைத்ததிலிருந்து அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரூர்க் குப்பத்துக்கு அப்பாலுள்ள சவுக்குத் தோப்பில் தங்கிவிட்டு, விடிந்ததும் கோவளம் வரை நடப்பதாகத் திட்டம். ஆற்றில் இறங்காமல் பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள் என்று வால்டரின் அம்மா லூயிசா சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது?

அடையாற்று முகத்துவாரத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லியோனார்ட் முன்னால் இறங்கினான். பானையும் அரிசியுமாக வால்டர் பின்னால் வந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கிருந்தாலும் ஜெபமாலை சொல்லியாக வேண்டும் என்பது இரண்டு பேர் வீட்டிலும் பழக்கம். ஜெபமாலையில் திரும்பத் திரும்ப வரும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியை லியோனார்ட் சொல்ல, பின்பாதியை வால்டர் சொன்னான். தொடங்கினால் முடியும்வரை வேறு பேச்சும் கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.

நடு ஆற்றில், முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

லியோனார்ட் தயங்கினான். ஆனால் பின்பாதி பிசகாமல் வந்தது. அவனும் அடுத்ததைத் தொடங்கினான்.

கரையேறிக் குப்பத்தைக் கடந்தான். வால்டரின் குரல் மெதுவாக, ஒரே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. கூடவே சேற்று நாற்றமும் வந்தது. தோப்பில் கூடாரத்தை இறக்கியபோது கடைசி ஆமென் காதருகே கேட்டது. லியோனார்ட் திரும்பினான்.

யாருமில்லை.

குப்பத்துக்கு ஓடினான். வலை உதறிக்கொண்டிருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஒண்டியாத்தான் போன நைனா. ஜெபம் சொல்லிக்கினே போனியே, நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி."

படகு இறக்கித் தேடினார்கள். வால்டர் நடு ஆற்றுக் குழியிலேயே கிடந்தான்.

லியோனார்டுக்கு அழுகை வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. வால்டரை அடக்கம் செய்த அன்று கல்லறையில் கூட்டத்தோடு ஒரு தடவை ஜெபம் சொன்னவன், சட்டென்று நிறுத்திவிட்டான். அந்த முன்பாதியை இனி ஆயுசுக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் சாயங்காலம் லூயிசா ஆளனுப்பினாள். அவள் தனியாக இருந்தாள். ஜெபமாலையை அவன் கையில் வைத்து, சொல்லு என்றாள். முடியாது என்று லியோனார்ட் ஆற்றில் நடந்ததையெல்லாம் கொட்டினான். தன்னைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

"தெரியும்டா," என்றாள் அவள் தணிந்த குரலில். "கல்லறையில நீ சொன்னப்போ, எல்லாரும் முடிச்சப்புறமும் ஒரு குரல் கேட்டுச்சு. நான் சொன்னா வரமாட்டேங்குறான். நீ சொன்னாத்தான் வரான்."

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படி மாட்டேன் என்பது? சொன்னான்.

கதவருகேயிருந்து பதில் வந்தது.

லூயிசா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்றிலிருந்து தினமும் போனான். போகப் போகப் பயமும் மரத்துவிட்டது.

ஒரு நாள் லியோனார்டுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை கட்டி, பேச்சே எழும்பவில்லை. தன் வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். விளக்கு வைக்கும் நேரமாயிற்று. இன்றைக்காவது ஓய்வு என்று கண்ணை மூடினான்.

சேறு நாறியது.

கால்மாட்டில் வால்டரின் குரல் முன்பாதியைச் சொல்லிற்று.

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.