இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை

நெடுந்தீவின் தெற்குக் கரையில், மின்கம்பி எட்டாத ஒரு வளவில் இருக்கிறது நாகமுத்து ஐயாவின் வீடு. அங்கே சோலரும் பற்றறியும் ஜெனரேற்றரும் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். பற்றறியில் மின்சாரம் இறங்கினால் ஜெனரேற்றர் தானாகத் தொடங்கும். ஏறினால் தானாக நிற்கும். இப்போது பற்றறி நிறைந்திருக்கும்போதும் தொடங்குகிறதாம். என் தொழிலில் பேய் பிசாசு கிடையாது, பிழையான எண்ணும் கழன்ற வயரும்தான் உண்டு என்று சொல்லிக்கொண்டு படகேறினேன்.

கதவைத் திறந்த ஐயாவைக் கண்டு திடுக்கிட்டேன். கண்கள் குழி விழுந்திருந்தன.

"மனிசி செத்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச நாளிலையிருந்து நித்திரை இல்லைத் தம்பி. பன்ரண்டு நாள். கண்ணை மூடினால் அது தொடங்குது. இப்பிடியே போனால் நான் செத்துப்போவன். எப்பிடியாவது நிப்பாட்டிவிடும்."

"நீங்கள் கண்ணை மூடுறது அதுக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உச்சி வெயில். பற்றறி நூறு வீதம். தொடக்க அளவுகளில் பிழையில்லை, வயர்களிலும் பிழையில்லை. கடைசியில் தானாகத் தொடங்கும் வசதியையே நிறுத்திவிட்டு, "இப்ப படுத்துப் பாருங்கோ" என்றேன்.

அவர் கட்டிலில் சாய்ந்தார். பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதன் தலைமாட்டில் அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை அம்மாவுக்கு மூச்சுக் கொடுத்த ஒட்சிசன் மிசின் இன்னும் இருந்தது. அறையில் மருந்து வாசம் போகவில்லை. ஐயாவின் இமைகள் மெல்ல இறங்கின.

வெளியே கொட்டிலில் ஜெனரேற்றர் உறுமியது.

அவர் கண்ணைத் திறந்தார்.

நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கொட்டில் பூட்டியபடி இருந்தது, திறப்பு என் சட்டைப்பையில். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் காரணம் அதில் இருக்கும். பன்னிரண்டு நாளும் ஒரே காரணம்தான்.

கையால் தொடக்கப்பட்டது.

இன்னும் பின்னுக்குப் போனேன். அம்மா இறந்த இரவு, ஒரு மணி இருபது. பற்றறி இறங்கியிருந்தது. தொடக்கம் மறுக்கப்பட்டது. காரணம்: அமைதி நேரம்.

அந்தச் சத்தத்தில் நித்திரை கொள்ள ஏலாது என்று ஐயா கேட்டதற்காக, இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை ஜெனரேற்றர் தொடங்காதபடி நான்தான் தை மாதம் அமைத்துக் கொடுத்தேன். மாசியில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒட்சிசன் மிசினைப் பூட்டியதும் நான்தான். அமைதி நேரத்தை எடுத்துவிட மறந்துபோனேன்.

ஐயா பின்னால் வந்து நின்று கிசுகிசுத்தார்.

"கறண்ட் நிண்டு மிசின் கத்தினது எனக்குக் கேட்டது தம்பி. ஜெனரேற்றர் தானாய்த் தொடங்கும்தானே எண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டன். ஏன் தொடங்கேல்லை?"

"பற்றறிப் பிழையாய் இருந்திருக்கும் ஐயா," என்றேன்.

அவர் திரும்பியதும் அந்த இரவின் பதிவை அழித்தேன்.

பிறகு ஜெனரேற்றரைத் தொடக்கும் பற்றறியைக் கழற்றிக் குசினியில் வைத்தேன். ஐயா படுத்தார். கண்ணை மூடினார். கொட்டிலில் மூச்சுப்பேச்சில்லை. சற்று நேரத்தில் அவருடைய குறட்டை கேட்டது. தப்பினோம் என்று கடைசிப் படகைப் பிடித்தேன்.

மறுநாள் மத்தியானம் ஊர்காவற்றுறையில் என் வீட்டில் படுத்தேன். எங்கள் ஒழுங்கையில் ஜெனரேற்றர் ஒருவரிடமும் இல்லை. கண்ணை மூடினேன்.

உறுமல் கேட்டது.

"இஞ்சேருங்கோ," குசினியிலிருந்து என் மனைவி நிலாந்தினி கூப்பிட்டாள். "எங்கட பின்வளவிலை ஆர் ஜெனரேற்றர் போட்டது? ஒரு அம்மா பக்கத்திலை நிண்டு மூச்செடுக்க ஏலாமல் இழுக்கிறா. உங்களைத்தான் கேக்கிறா."

கண்ணைத் திறந்தால் ஜெனரேற்றர் நிற்கும், அம்மாவின் மூச்சும் நிற்கும். திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.