வியாழக்கிழமைக்குத் திரும்பிய பெட்டி

செவ்வாய்க்கிழமை. காலை 9.40.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் சரக்கு லிஃப்ட் ஐந்தாவது மாடியிலிருந்து அறுந்து அடித்தளத்தில் வந்து விழுந்தது. ஓடி வந்தவர்கள் முதலில் தூசியைத்தான் பார்த்தார்கள். தூசி அடங்கிய பிறகு, கூண்டின் கூரைமேல் குப்புறக் கிடந்த மெக்கானிக்கைப் பார்த்தார்கள். ஸ்பானர் இன்னும் கைப்பிடியில் இருந்தது. உயிர் இல்லை.

பத்து மணிக்கு முப்பது தையல் பெண்கள் அந்த லிஃப்டில்தான் மேலே போக வேண்டியிருந்தது.

நிர்வாகத்தின் அறிக்கை மூன்றே நாளில் தயாரானது. இரும்புக் கயிறு தேய்ந்திருப்பதை மெக்கானிக் யாருக்கும் தெரிவிக்கவில்லை. மரணத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவே.

வெள்ளிக்கிழமை. காலை 10.15.

மெக்கானிக்கின் மனைவி இன்ஸ்பெக்டர் முன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"அண்டப் புளுகு சார். போன வெள்ளிக்கிழமையே மேனேஜருக்கு மெயில் போட்டார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கலை. வீட்டுக்கு வந்து சொன்னார். பதில் வரலைன்னு சனிக்கிழமை கம்ப்யூட்டர் ஆபீஸருக்கு ஃபோன் பண்ணினாராம். 'சும்மா சும்மா எனக்கு ஃபோன் பண்ணாதீங்க, சாஃப்ட்வேர் கம்பெனி உதவிப் பக்கத்துல எழுதுங்க'ன்னுட்டாராம். அதையும் எழுதிட்டுத்தான் வந்தார்."

இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே தேடியிருந்தார். மேலாளரின் அஞ்சல் பெட்டியில் அப்படியொரு கடிதம் இல்லை. மெக்கானிக் பயன்படுத்திய பணிமனைப் பெட்டியில், அனுப்பியவை வரிசையிலும் இல்லை.

"எங்கேயும் இல்லையேம்மா."

"டெஸ்க்கம்மாவைக் கூப்பிட்டுப் பாருங்க. அவங்க இருந்திருந்தா என் வீட்டுக்காரர் இருந்திருப்பார்."

டெஸ்க்கம்மா என்பது ஒன்பது வருஷம் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் உதவி மேசையில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்குத் தையல் பெண்கள் வைத்த பெயர். யாருக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், யார் கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மறப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எட்டு மாதத்துக்கு முன்னால் நிர்வாகம் மின்னஞ்சலுக்குப் புது மென்பொருள் தேடியபோது, கம்ப்யூட்டர் ஆபீஸர் மூன்றைத் திரையில் போட்டுக் காட்டினார். அதில் ஒன்று பளபளவென்று இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். டெஸ்க்கம்மா மட்டும் ஒன்று கேட்டாள்.

"சார், மெயில் போகலைன்னா யாரு ஃபோனை எடுப்பாங்க?"

அறையே சிரித்தது. "இது தானா ஓடும்மா. ஃபோனே தேவையில்லை" என்றார் ஆபீஸர். அவர் சொன்னதில் ஒன்று நடந்தது. அடுத்த மாதம் உதவி மேசையை எடுத்தார்கள், அவளையும் சேர்த்து. இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையில் உடைந்த செல்போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை. காலை 11.00.

இன்ஸ்பெக்டரோடு அவள் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது காவலாளி எழுந்து நின்றார். வேறு யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் மேலாளர்.

"லெட்டர் வரலை. வந்திருந்தா லிஃப்டை நிறுத்தியிருக்க மாட்டேனா? நானும் மனுஷன்தானே."

"நீங்களே மெயில் பார்ப்பீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாம் செக்ரெட்டரி பிரிண்ட் எடுத்து வெச்சிருவாங்க. என் மக அனுப்பறதை மட்டும் நானே திறப்பேன்." அவர் டெஸ்க்கம்மாவின் பக்கம் திரும்பினார். பழைய பழக்கம் போகவில்லை. "அதைக்கூட இந்தச் சனியன் ஒழுங்கா வெச்சிருக்கலைம்மா. சனிக்கிழமை பேத்தி போட்டோ அனுப்பியிருந்தா. திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்துட்டு, அப்புறம் நிதானமாப் பார்க்கலாம்னு வெச்சேன். இப்ப காணோம்."

"மேனேஜர் சார், கேஸுக்கு வருவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

டெஸ்க்கம்மா கையிலிருந்த காகிதத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

அடுத்து செக்ரெட்டரி. கண் வீங்கியிருந்தது.

"திங்கட்கிழமை என்கிட்ட வந்தாரு. 'என் லெட்டரை சார் பார்த்தாரா'ன்னு கேட்டாரு. எதைப் பத்தின்னு சொல்லலை. 'வந்ததெல்லாம் சார் மேசையில இருக்குண்ணே'ன்னுட்டேன்."

"இருந்துதா?"

"வந்த எல்லாத்தையும் வெச்சேன். அது வந்துதான்னு பார்க்கலை." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "சரிம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அந்த ஃபைலைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள் டெஸ்க்கம்மா.

கடைசியாகக் கம்ப்யூட்டர் ஆபீஸர். காலை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தீங்க?"

"காய்ச்சல். வீட்டுல. செக்ரெட்டரி பத்து மணிக்கு ஃபோன்ல விஷயத்தைச் சொன்னாங்க. பதினொன்றரைக்கு வந்தேன்."

"மெக்கானிக் அதுக்கு முன்னாடி, சனிக்கிழமை, உங்களுக்கு ஃபோன் பண்ணினாரா?"

"இல்லையே."

"லெட்டரை யாராவது அழிச்சிருக்கலாமா?"

"முடியாது சார். இந்த மென்பொருள்ல எதை அழிச்சாலும் முப்பது நாள் மீட்புப் பகுதியில கிடக்கும். அங்கேயும் இல்லை. அப்படின்னா, அப்படியொரு லெட்டரே எழுதப்படலைன்னு அர்த்தம்."

"மீட்புப் பகுதியைக் காலி பண்ண வழி இருக்கா?" என்றாள் டெஸ்க்கம்மா.

ஆபீஸர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். "இருக்கலாம். எனக்குத் தெரியாது. கையேடு கிடையாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டா பதில் வர பத்து நாள் ஆகும்."

"அந்தப் பத்து நாளைத்தான் சார் நான் அன்னைக்குக் கேட்டேன்."

திங்கட்கிழமை. மாலை 4.00.

மேலாளரின் அறையில் ஆறு நாற்காலிகள். மெக்கானிக்கின் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். டெஸ்க்கம்மா செக்ரெட்டரியின் ஃபைலை மேசைமேல் விரித்தாள்.

"நாம எல்லாரும் ஒரே ஒரு லெட்டரைத் தேடினோம். அதான் தப்பு. மேனேஜர் சார் பேத்தி போட்டோ காணோம்னாரே, அதை யாரும் காதுல வாங்கலை. இந்த ஃபைல்ல, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய் காலை வரைக்கும் வந்த மெயில் பதினொண்ணு பிரிண்டா இருக்கு. நூல் வியாபாரி, பொத்தான் கம்பெனி, தலைமை அலுவலகம். இப்ப பெட்டியைத் திறந்து பாருங்க."

மேலாளர் திறந்தார். வியாழக்கிழமைக்கு அடுத்து செவ்வாய்க்கிழமை மதியம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. அன்றன்றைக்கு வந்ததைத் தவிர எதையும் யாரும் பார்க்காத அலுவலகத்தில், நான்கு நாள் காணாமல் போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"பணிமனைப் பெட்டியும் இப்படித்தான் இருக்கு. யாரும் ஒரு லெட்டரை அழிக்கலை. ரெண்டு பெட்டியையும் அப்படியே வியாழக்கிழமை ராத்திரி எடுத்து வெச்ச நகலுக்குத் திருப்பியிருக்காங்க. அழிச்சாத்தான் மீட்புப் பகுதிக்குப் போகும். திருப்பினா, அப்படி ஒண்ணு வந்த சுவடே இருக்காது. மேனேஜர் பண்ணியிருந்தா பேத்தி போட்டோவைத் தொலைச்சிட்டு என்கிட்டயே புகார் சொல்ல மாட்டாரு. செக்ரெட்டரி பண்ணியிருந்தா ஃபைலைக் கிழிச்சிருப்பாங்க. அதோட, பெட்டியைத் திருப்புற சாவி இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கிட்டதான் இருக்கு. வீட்டுல காய்ச்சலாப் படுத்திருந்தாலும் அந்தச் சாவி வேலை செய்யும்."

ஆபீஸரின் கால் ஆடுவது நின்றது.

"கதை நல்லா இருக்கு. ஆதாரம்?"

இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களை எடுத்தார். மென்பொருள் கம்பெனிக்குக் காவல் துறை முத்திரையோடு போன கடிதத்துக்கு, பத்து நாள் ஆகவில்லை. ஒரே நாளில் பதில் வந்திருந்தது.

"செவ்வாய் காலை 10.52. உங்க சாவி. ரெண்டு பெட்டி. இது முதல் தாள். ரெண்டாவது, மெக்கானிக் சனிக்கிழமை 11.20க்கு உதவிப் பக்கத்துல எழுதினது. அதோட, மேனேஜருக்கு அனுப்பின லெட்டரையும் அப்படியே ஒட்டியிருக்கார். அதுக்குக் கால் மணி முன்னாடி பணிமனை ஃபோன்ல இருந்து உங்க நம்பருக்கு ஒரு அழைப்பு. நாற்பது செகண்ட்."

டெஸ்க்கம்மா அந்தத் தாளை வாங்கி வாசித்தாள். குரல் சீராகவே இருந்தது.

"'அவசரம்!!! அவசரம்!!! லிஃப்ட் கயிற்றில் ஏழு இழை அறுந்துவிட்டது. லிஃப்டை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. உடனே அனுமதி வேண்டும். அதுவரை தினமும் காலையில் பெண்கள் ஏறுமுன் நானே ஒருதரம் மேலே போய்ப் பார்த்துவிடுகிறேன்.'"

கீழே கம்பெனியின் குறிப்பு: வரிசையில் உள்ளது. இன்னும் திறக்கப்படவில்லை.

"லெட்டர் போய்ச் சேர்ந்துதான் இருக்கு" என்றாள் டெஸ்க்கம்மா. "ஆனா அத்தனை ஆச்சரியக்குறியைப் பார்த்து, மென்பொருள் அதை விளம்பரம்னு நினைச்சு ஸ்பேம்ல தள்ளியிருச்சு. பழைய மென்பொருள்லயும் அவர் லெட்டர் இப்படித்தான் மாட்டும். அவர் எனக்கு ஃபோன் பண்ணுவார், நான் எடுத்து வெளியில போடுவேன். ரெண்டு நிமிஷ வேலை. செவ்வாய்க்கிழமை விஷயம் தெரிஞ்சதும் சார் வீட்டுல இருந்தே தேடி, ஸ்பேம்ல அதைப் பார்த்திருக்கார். ஒரு நல்ல கடிதம்கூடத் தொலையாதுன்னு இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்த அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அழிக்கப் பார்த்திருக்கார். மீட்புப் பகுதியைக் காலி பண்ணத் தெரியலை. கேட்கவும் ஆள் இல்லை. தெரிஞ்ச ஒரே வழியில நாலு நாளையே தூக்கிட்டார்."

ஆபீஸர் நெற்றியைத் துடைத்தார். "நான் கயிற்றை அறுக்கலையே! ஃபோன்ல அவர் 'லெட்டர் போச்சா'ன்னுதான் கேட்டார். கயிறுன்னு சொல்லவே இல்லை."

"சொல்ல விட்டீங்களா?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.



மாலை 5.10. ஆபீஸரை ஜீப்பில் ஏற்றினார்கள். மேலாளர் டெஸ்க்கம்மாவின் அருகில் வந்து தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கே உங்க மேசையைப் போடச் சொல்றேன்மா."

"ஒரு ஆள் செத்தாத்தான் போடுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மெக்கானிக்கின் மனைவி மட்டும் நகரவில்லை.

"அவருக்கு என்ன தண்டனை சார்?"

"சாட்சியத்தை அழிச்சதுக்குக் கேஸ் இருக்கும்மா. கொஞ்ச காலம் உள்ள இருப்பார்."

"என் வீட்டுக்காரர் செத்ததுக்கு?"

இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்தார். "ஃபோனை வெச்சதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லைம்மா. விபத்துன்னுதான் எழுத முடியும்."

"அப்ப அதையாவது எழுதுங்க. கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்களே, அதை அடிங்க. என் கண் முன்னாடி."

அவர் நிர்வாகத்தின் அறிக்கையை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். அவளுக்கு ஒரு கோடு போதவில்லை. "இன்னும் தெரியுது" என்றாள். அவர் மறுபடி அடித்தார். மறுபடியும். கீழே எழுத்து இருந்ததே தெரியாத அளவுக்குக் கருப்பாகும் வரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.